33 அங்குல மேடை

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். மாமனார் 1984ல் கட்டிய வீடு. சமையலறைச் சுவரில் ஈரம் ஏறி, கடப்பாக் கல் மேடைக்கு அடியில் செங்கல் உதிர ஆரம்பித்ததால் மொத்தமாக இடித்துவிட்டோம். ஒரு மாதமாக ஹாலில்தான் சமையல். டிவி மேஜையில் இண்டக்‌ஷன் அடுப்பு, பாத்திரம் தேய்ப்பது பாத்ரூமில். எதை எடுத்தாலும் சிமெண்ட் தூசி, தயிரில்கூட.

இப்போது சண்டை மேடை உயரத்தில் வந்து நிற்கிறது. பழைய மேடை 30 அங்குலம். மாமனார் அத்தையை நிற்கவைத்து அளந்து கட்டினாராம். நான் ஐந்தடி ஆறு அங்குலம். இருபது வருடமாகக் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. 36 வேண்டும் என்றேன். அத்தை நான்கடி பத்து, வயது 71, காலைச் சமையல் இன்றும் அவருடையது. "அவ்ளோ ஒசரத்துல நான் எப்படிக் கிண்டுறது?" என்றார். கொத்தனார், "எல்லா வீட்லயும் 33தாம்மா" என்கிறார். கணவரோ, "அவர் சொல்றபடி விடு, இதுல என்ன இருக்கு" என்கிறார். "எனக்கென்ன, நான் இன்னும் எத்தனை நாளைக்கு" என்று சொன்னதோடு அத்தை பேச்சை நிறுத்திவிட்டார். நான்தான் சுயநலமாக இருக்கிறேனா?

ச., ஸ்ரீரங்கம்

அன்புள்ள ச.,

இடுப்புவலிக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், மனிதர்களை அப்புறம் பார்க்கலாம்.

மேடை என்று ஒரே உயரத்தைப் பேசுகிறோம், ஆனால் கை வேலை செய்யும் உயரம் அது இல்லை. கொத்தனாரின் 33ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் கேஸ் அடுப்பு நான்கைந்து அங்குலம். அதன்மேல் எட்டு அங்குலக் குழம்புச் சட்டி. சட்டியின் விளிம்பு 46 அங்குலத்தில் இருக்கிறது. நான்கடி பத்து அங்குலப் பெண்ணுக்கு அது கிட்டத்தட்ட தோள். கொதிக்கிற சாம்பாரை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, முழங்கையைத் தூக்கித்தான் கிண்ட வேண்டும். அத்தை சொன்னது பிடிவாதம் இல்லை.

இப்போது சிங்க். அதே 33ல் பதித்தால் தொட்டியின் அடி 25 அங்குலத்தில் இருக்கும். உங்கள் கை அங்கே போய்ப் பாத்திரம் தேய்க்க வேண்டும். பழைய மேடையில் அது இன்னும் கீழே, 22க்குப் பக்கத்தில். உங்கள் இடுப்பைக் கெடுத்தது பெரும்பாலும் அடுப்பாக இருக்காது, சிங்க்காகத்தான் இருக்கும்.

ஆகவே மேடையை இரண்டாக உடையுங்கள். அடுப்பு வரும் பகுதி 30, சிங்க்கும் காய் நறுக்கும் இடமும் 36. அடுப்பு 30ல் இருந்தால் சட்டி விளிம்பு 43ல் வரும். உங்கள் முழங்கை 41, 42 அங்குலத்தில் இருக்கும், குனியாமல் கிண்டலாம். அத்தைக்குப் பழகிய உயரம் பழகியபடியே இருக்கும். சண்டை போட்ட இரண்டு பேரும் சொன்னது சரி. 33தான் யாருக்கும் ஆகாத எண்.

நான் சொல்வதை நம்பி கிரானைட்டை வெட்டிவிடாதீர்கள். இடித்த செங்கல் வாசலில் கிடக்கும்தானே, அதை அடுக்கி மேலே ஒரு பலகை போட்டு, அடுப்பையும் தண்ணீர் ஊற்றிய குக்கரையும் வைத்து இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஓர் அங்குலம் கூட்டவோ குறைக்கவோ தோன்றும். அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொல்லைகளும் உண்டு. படி விழும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சேரும். கனமான பாத்திரத்தை சிங்க்கிலிருந்து அடுப்புக்கு அப்படியே தள்ளிக்கொண்டு போக முடியாது, தூக்கி வைக்க வேண்டும். கிரானைட் வெட்டும் கூலி கூடும், கொத்தனார் முனகுவார். தாழ்ந்த பகுதிக்கு அடியில் சிலிண்டர் நிற்குமா என்று கேட்பார்கள். 14.2 கிலோ சிலிண்டர் இரண்டடிக்குச் சற்றே மேல், தாராளமாக நிற்கும். ஆனால் அதற்கு மேலே ஒரு டிராயர் போட்டுத் தருகிறேன் என்று ஆசாரி ஆசை காட்டுவார், வேண்டாம். சிலிண்டர் நிற்கும் இடத்துக்குப் போடும் கதவின் அடிப்பக்கம் காற்றுத் துளைகள் விடச் சொல்லுங்கள். கேஸ் கசிந்தால் மேலே போகாது, காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். அழகு கெடுகிறது என்று நிறைய வீடுகளில் இதை மூடிவிடுகிறார்கள்.

கொத்தனார் மேலும் கோபப்படாதீர்கள். அவர் கட்டுவது வீட்டை, உங்களை அல்ல. எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண் இருந்தால் அவருக்கு வேலை ஓடும். இந்த மாதிரிச் சமையலறைக்கு ஒரு மூத்த கதையும் இருக்கிறது. 1926ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷ்யூட்டெ-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் அவ்வளவு சின்ன இடத்தில் எப்படி அத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்று பார்த்து, ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், எதை எதற்குப் பிறகு எடுக்கிறாள் என்று கணக்குப் போட்டுச் செய்தார். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், உட்கார்ந்து வேலை பார்க்கச் சுழலும் முக்காலி. சுமார் 10,000 வீடுகளில் அது போடப்பட்டது. இன்று நம் ஊர்க் கடைகளில் பார்க்கும் மாடுலர் கிச்சன் அதன் பேத்தி. அதை வரையும்போது தனக்குச் சமைக்கவே தெரியாது என்று அந்த அம்மாள் பிற்காலத்தில் சொன்னார்.

எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. பெண்ணின் களைப்பை ஒரு கட்டட விஷயமாக எடுத்துக்கொண்டாரே, அது பெரிது. ஆனால் அந்த அறையில் ஒருத்திக்குத்தான் இடம். இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் முழங்கை இடிக்கும். உங்கள் வீட்டில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், பண்டிகைக்கு இரண்டு பேரும். உங்களுக்குத் தரப்பட்ட வரைபடத்தைப் பாருங்கள், அதில் எத்தனை பேர் நிற்க முடியும் என்று. எதிரெதிர் மேடைகளுக்கு நடுவே நான்கடியாவது விடச் சொல்லுங்கள். ஜன்னலோரம் மேல் அலமாரி ஒன்றைக் குறைத்துவிட்டு, அத்தை உட்கார்ந்து கீரை ஆய ஒரு நாற்காலி போடும் இடம் ஒதுக்குங்கள். அலமாரி குறைந்தால் பாத்திரம் எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். பரணிலிருந்து இறக்கியதில் பாதியை யாரும் தொடுவதில்லை என்று இந்த ஒரு மாதத்தில் தெரிந்திருக்குமே.

சரி, அத்தை. "நான் இன்னும் எத்தனை நாளைக்கு" என்பதை நம் வீடுகளில் யாரும் துறவு மனநிலையில் சொல்வதில்லை. அது ஆட்சேபணை. புருஷன் தன்னை நிற்கவைத்து அளந்து கட்டிய மேடையை ஒரு மாதத்துக்கு முன் சம்மட்டியால் உடைத்தார்கள், அவர் ஹாலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார். அதைப் பற்றி நீங்கள் ஆறுதல் பேச்செல்லாம் பேச வேண்டாம், பேசினால் இருவருக்கும் சங்கடம். அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போய், "அத்தை, கொஞ்சம் எழுந்து நில்லுங்க, உங்க முழங்கைய அளக்கணும்" என்று சொல்லுங்கள். அடுப்பு எந்தப் பக்கம், அஞ்சறைப்பெட்டி எந்தக் கைக்கு என்று அவரையே கேளுங்கள். கிரைண்டர் இடத்திலும் அவர் சொல்வதே கடைசி.

உங்கள் கணவரின் "இதுல என்ன இருக்கு" பற்றி. சமையலறைக்குச் சுவர் இருந்தவரை அப்படிச் சொல்ல அவருக்கு வசதி இருந்தது. இப்போது அடுப்பு டிவி மேஜையில். ஒரு வேளை டிபனுக்கு நீங்கள் எத்தனை தடவை குனிகிறீர்கள், எத்தனை டம்ளர் விழுகிறது, கழுவிய தண்ணீரை யார் கொட்டுகிறார்கள், எல்லாம் அவர் பார்வையிலேயே நடக்கிறது. பார்த்தும் சொல்கிறார் என்றால், ஹால் சமையல் இருக்கும்வரை பாத்ரூமில் பாத்திரம் தேய்ப்பது அவர் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். தரையில் குந்தி உட்கார்ந்து ஒரு வாரம் தேய்க்கட்டும். அதன்பிறகு மேடை உயரத்தைப் பற்றி அவருக்கும் ஒரு கருத்து வரும். வராவிட்டாலும் பாத்திரமாவது தேய்த்து முடிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. உயரத்தை இப்போதிருக்கும் இடித்த தரையிலிருந்து அளக்க விடாதீர்கள். கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை இரண்டு அங்குலம் ஏறும், உங்கள் 36 சத்தமில்லாமல் 34 ஆகிவிடும். டைல்ஸ் வரும் மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு, அங்கிருந்து 30, 36 என்று கரித்துண்டால் பெரிதாக எழுதி வைத்துவிட்டு, கொத்தனார் வரும்போது நீங்களும் அத்தையும் அங்கே இருங்கள்.