ஆர்டர் மடல் ஸ்பேமில் விழுகிறதே!

கேள்வி: பத்தமடையிலிருந்து இணையத்தில் கோரைப்பாய் விற்கிறேன். ஆர்டர் வந்ததும் தானாகப் போகும் உறுதி மடல் பலருக்கு ஸ்பேமில் விழுகிறது. அனுப்புநராக என் ஜிமெயில் முகவரியைத்தான் போட்டிருக்கிறோம். ‘இன்பாக்ஸ் கேரண்டி’ என்று ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மடல் எந்தப் பெட்டியில் விழும் என்பதை முடிவு செய்வது அதைப் பெறுகிற நிறுவனம். அங்கே வெளியாள் யாரிடமும் சாவி கிடையாது.

கோளாறு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மடல் கிளம்புவது உங்கள் தளம் இருக்கிற ஹோஸ்டிங் சர்வரிலிருந்து. மேலே இருப்பதோ ஜிமெயில் முகவரி. கூகுளின் கண்ணுக்கு இது ஆள்மாறாட்டம். உங்கள் டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயரில் ஒரு முகவரி உண்டாக்கி அதை அனுப்புநராகப் போடுங்கள். பதில்கள் ஜிமெயிலுக்கு வர வேண்டுமா, ரிப்ளை-டு இடத்தில் அதைக் கொடுங்கள்.

அப்புறம் டொமைனின் அமைப்புகளை எழுதி வைக்கிற டிஎன்எஸ் பகுதியில் மூன்று பதிவுகள் வேண்டும். உங்கள் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப். மடல் உங்களுடையதுதான், நடுவில் மாறவில்லை என்று காட்ட அதன்மேல் வைக்கும் அரக்கு முத்திரை டிகேஐஎம். இரண்டும் தவறினால் மடலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பு காட்டுகின்றன. எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். பழையதை விட்டுவிட்டு இன்னொன்று சேர்த்தால் இரண்டுமே செல்லாது.

எஸ்பிஎஃப் மட்டும் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். சில வாடிக்கையாளர்கள் அலுவலக முகவரிக்கு வருவதைத் தானாக ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். அப்போது மடல் அந்த அலுவலக சர்வரிலிருந்து போகும். அது உங்கள் பட்டியலில் இருக்காது, எஸ்பிஎஃப் தவறிவிடும். முத்திரை அப்படியல்ல. நெல்லை சந்திப்பில் பார்சல் வேறு பைக்கு மாறினாலும் அரக்கு உடையாது இல்லையா, அது மாதிரி. ஆனால் நடுவில் அந்த சர்வர் மடலின் அடியில் ஒரு வரி சேர்த்தாலும் முத்திரை உடைந்துவிடும். அந்த ஒரு சிலருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், வேறு வழியில்லை.

இதைவிட முக்கியம், டொமைன் யார் பெயரில் இருக்கிறது? என்னிடம் வந்த ஒரு கருப்பட்டி வியாபாரியின் டொமைனைத் தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்திருந்தார். ஒரு வரி மாற்ற நான்கு மாதம் அலைய வைத்தார். இன்றைக்கே பாருங்கள். விளம்பர மடல் அனுப்ப ‘பத்தாயிரம் முகவரி தருகிறேன்’ என்று வருகிறவரையும் வாசலோடு அனுப்புங்கள். ஆயிரத்துக்கு மூன்று பேர் ஸ்பேம் என்று அழுத்தினாலே கூகுளின் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். தீபாவளித் தள்ளுபடி மடலை ஆர்டர் மடல் போகிற முகவரியிலிருந்து அனுப்பவே வேண்டாம்.

எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்: ஸ்பேமில் போட்டால் அனுப்பியவருக்கு ஒரு தகவலும் வராது. சர்வரில் ‘டெலிவர்டு’ என்றே இருக்கும். பாய் விற்கிறவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? விதியை மாற்றுகிறவர்கள் அவருக்குப் புரிகிற மொழியில் நாலு வரி எழுதக் கூடாதா?

சரி, எல்லாம் போட்டபின் உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு ஆர்டர் மடல் அனுப்புங்கள். கணினியில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, ‘ஷோ ஒரிஜினல்’ பாருங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் நேரே ‘பாஸ்’ இருக்க வேண்டும். எதில் ‘ஃபெயில்’ என்று வருகிறதோ, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஹோஸ்டிங் கம்பெனிக்கு அனுப்புங்கள். அதைச் சரிசெய்ய அவர்கள் உதவுவார்கள். தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.