ஒரு ராக் குழுவின் முதல் ஆல்பங்களில் உங்களை மிகவும் பாதித்தது எது? ஏன்?

பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம். குழுவுக்கும் ஆல்பத்துக்கும் அதன் முதல் பாட்டுக்கும் ஒரே பெயர்தான். 1970 பிப்ரவரி 13, ஒரு வெள்ளிக்கிழமை, பிரிட்டனில் வெளிவந்தது. முழுதாகக் கேட்க நாற்பது நிமிடம்கூட ஆகாது.

ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் வகை எங்கே தொடங்கியது என்று கேட்டால் பலரும் இந்த ஆல்பத்தைக் கைகாட்டுவார்கள். அந்தப் பெருமைக்காக நான் இதைச் சொல்லவில்லை. இதைவிட வேகமாக, இதைவிடச் சத்தமாக வாசித்த குழுக்கள் அப்போதே இருந்தன. ஆனால் இவ்வளவு மெதுவாக வாசிக்கவும், ஒரு ஸ்வரத்தை வாசித்துவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்கவும் வேறு யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அந்தக் காத்திருப்பில்தான் இந்த ஆல்பத்தின் கனமே இருக்கிறது.

முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்கிறது, இடி இடிக்கிறது, தூரத்தில் மணி ஒலிக்கிறது. இவையெல்லாம் தயாரிப்பாளர் ரோஜர் பெய்ன் பிறகு சேர்த்தவை. அதன்பின் கிட்டார் மூன்றே ஸ்வரங்களை வாசிக்கிறது: கீழே ஒரு ஷட்ஜம், மேலே அதே ஷட்ஜம், பிறகு பிரதி மத்யமம். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த மத்யமம் புதிதல்ல. கல்யாணி ராகத்தில் எத்தனையோ முறை ரசித்திருப்போம். ஆனால் கல்யாணியில் அது பஞ்சமத்தை நோக்கி நம்மை அழைத்துப்போகும்; அந்த நகர்வில்தான் அழகு. குழுவின் கிட்டார் வாசிப்பாளர் டோனி அயோமி எங்கும் அழைத்துப்போவதில்லை. அந்த மத்யமத்திலேயே நின்றுகொண்டு கிட்டாரை நடுங்கவிடுகிறார். போக வேண்டிய இடம் தெரிந்தும் போகாமல் நிற்பதால் வயிற்றில் ஒரு கலக்கம் வருகிறது. சின்ன வயதில் கொஞ்ச காலம் பாட்டு கற்றிருந்ததால், கல்லூரி விடுதியில் ஒரு நண்பன் இதைப் போட்டுக் காட்டியபோது எனக்கு முதலில் உறைத்ததும் அதுதான். பயமுறுத்தும் சத்தம் ஒன்றும் இல்லை. தெரிந்த ஸ்வரம்தான், ஆனால் வீட்டுக்குத் திரும்பாத ஸ்வரம்.

குழுவின் பேஸ் வாசிப்பாளர் கீசர் பட்லருக்கு ஹோல்ஸ்டின் 'கிரகங்கள்' என்ற மேற்கத்தியச் செவ்வியல் படைப்பு பிடிக்கும். அதில் செவ்வாய் கிரகத்துக்கான பகுதியை அவர் பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே சாயலோடுதான் அயோமியின் இந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, பிறந்தது. பில் வார்டின் டிரம்ஸையும் இங்கே கவனிக்க வேண்டும். அவர் ஜீன் க்ரூபா போன்ற ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். தாளத்தைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்க மாட்டார். பாடகர் விட்ட இடைவெளியில் புகுந்து வாசிக்கும் நல்ல மிருதங்கக்காரரைப்போல, கிட்டார் மௌனமாகும் இடத்தில் இவர் பேசுவார். பிறகு வந்த பல மெட்டல் குழுக்களிடம் நான் தேடியும் கிடைக்காதது இந்த உரையாடல்தான்.

அயோமியின் கையைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச முடியாது. நால்வரும் பர்மிங்காம் நகரத்தின் ஆஸ்டன் பகுதிப் பையன்கள், தொழிற்சாலைப் பகுதி. 17 வயதில், உலோகத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் அயோமிக்கு அதுதான் கடைசி நாள். மறுநாளிலிருந்து இசைதான் என்று முடிவெடுத்திருந்தார். அன்றைக்கு இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடதுகைக்காரர், ஆகவே கம்பியை அழுத்திப் பிடிக்க வேண்டிய விரல்களே அவைதான்.

இனி அவ்வளவுதான் என்று உட்கார்ந்திருந்தவரிடம் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். வாசித்தவர் ஜாங்கோ ராய்ன்ஹார்ட். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் ஜாஸ் கிட்டாரில் மேதையாக விளங்கியவர். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தன் விரல்களுக்குத் தானே உறை செய்துகொண்டார். அதன்மேல் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டினார். சாதாரணக் கம்பிகளை அழுத்த வலித்தது. மெல்லிய கிட்டார் கம்பிகள் அப்போது கடையில் கிடைக்கவில்லை, அதனால் பாஞ்சோ கம்பிகளை மாட்டினார். உறை போட்ட விரலுக்குக் கம்பியின் தொடுவுணர்வு கிடையாது. பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகள் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. ஆகவே குறைந்த ஸ்வரங்களில் பெரிய ஒலியை எடுக்கும் வழியைத் தேடினார். அந்தத் தேடலைத்தான் முதல் பாட்டின் மூன்று ஸ்வரங்களில் நாம் கேட்கிறோம். இந்த மனிதர்மேல் எனக்குள்ள மரியாதைக்கு அளவே இல்லை.

இங்கே ஒரு திருத்தம். கம்பிகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கியதால்தான் இந்த ஆல்பம் இப்படி ஒலிக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். சுருதியை மூன்று அரைஸ்வரம் இறக்கியது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில். முதல் ஆல்பம் வழக்கமான சுருதியில்தான் வாசிக்கப்பட்டிருக்கிறது. இந்த இருட்டு முழுக்க வாசிப்பிலிருந்தே வந்தது.

பதிவு நடந்தது 1969 அக்டோபர் 16, லண்டனில் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோவில். ஒரே நாள்தான். நால்வருக்கும் 20, 21 வயது. மேடையில் வாசிப்பதைப்போலவே சேர்ந்து வாசித்தார்கள். ஆஸி ஆஸ்போர்ன் தனி அறைக்குள் நின்று அதே நேரத்தில் பாடினார். ஒரு பாட்டை வாசித்ததுமே அயோமியின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில் கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் கெட்டுப்போனது. மாற்றுக்காக வைத்திருந்த கிப்சன் எஸ்ஜி கிட்டாரை எடுத்து மீதியை வாசித்தார். பிற்பாடு அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்ட கிட்டார் வகை இப்படித்தான் கைக்கு வந்தது. மறுநாள் கச்சேரிக்காக சுவிட்சர்லாந்து புறப்பட்டுப் போய்விட்டார்கள். இன்னும் ஒரு வாரம் கொடுத்திருந்தால் மெருகேற்றியிருப்பார்கள், நமக்கு இந்த ஆல்பம் கிடைத்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

சாத்தானை வழிபடும் இசை என்ற பேச்சுக்கு வருவோம். அட்டையில் நீரால் ஓடும் பழைய ஆலைக்கு முன்னால் கறுப்பு உடையில் நிற்கும் பெண், உள் அட்டையில் தலைகீழ்ச் சிலுவை. அந்தச் சிலுவையைக் குழுவினர் கேட்கவில்லை. இசைத்தட்டு நிறுவனம் தானாகப் போட்டது. முதல் பாட்டைக் கேளுங்கள். கறுப்பு உருவம் ஒன்றைக் கண்டவன் அலறியபடி கடவுளே காப்பாற்று என்று கெஞ்சுகிறான். பட்லர் இரவில் தன் கட்டில் அருகே ஓர் உருவத்தைக் கண்டதாகச் சொன்ன அனுபவம்தான் அதன் மூலம். ஆஸியின் அப்பா நால்வருக்கும் சிலுவை செய்துகொடுத்தார், அதை அணிந்துகொண்டு மேடையேறினார்கள். 'என்.ஐ.பி.' பாட்டில் சாத்தான் காதலில் விழுந்து திருந்துகிறான். இதில் வழிபாடு எங்கே இருக்கிறது?

வெளிவந்தபோது விமர்சகர்கள் கிழித்தெறிந்தார்கள். 'ரோலிங் ஸ்டோன்' இதழில் லெஸ்டர் பேங்ஸ் எழுதியது பிரசித்தம். ஆனாலும் பிரிட்டன் பட்டியலில் 8ஆம் இடத்துக்கும் அமெரிக்காவில் 23ஆம் இடத்துக்கும் ஏறியது. விமர்சகர்கள் ப்ளூஸ் இலக்கணத்தை அளவுகோலாக வைத்து அளந்தார்கள். ஆஸி இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர், திருட்டு வழக்கில் அபராதம் கட்ட முடியாமல் சிறைக்குப் போய்வந்தவர். அன்பும் பூக்களும் பாடிய அந்தக் காலத்துப் பாட்டுகளில் ஆஸ்டன் பையன்களின் வாழ்க்கை இல்லை. வாங்கிக் கேட்டவர்களுக்கு அது புரிந்தது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 'ஈவில் உமன்' வேறொரு குழுவின் பாட்டு. நிறுவனத்துக்கு ஒரு சிங்கிள், அதாவது தனியாக விற்கும் ஒற்றைப் பாட்டு, தேவைப்பட்டதால் வாசித்தார்கள். இந்த ஆல்பத்தோடு அது ஒட்டவே இல்லை. 'வார்னிங்' கூட இரவல் பாட்டுதான், பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். அதில் கிட்டார் அலைவது சிலருக்கு அலுக்கலாம். எனக்கு அலுப்பதில்லை. எங்கே போகிறோம் என்று தெரியாமலே ஓர் இளைஞன் தேடிக்கொண்டிருப்பதை அதில் கேட்க முடிகிறது.

இந்த நால்வரும் 2025 ஜூலை 5 அன்று, அதே ஆஸ்டனில் வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாக ஒன்றாக வாசித்தார்கள். ஜூலை 22 அன்று ஆஸி காலமானார்.

முதல்முறை கேட்கப் போகிறவர்கள் கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பட்லரின் பேஸ் காணாமல் போய்விடும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, 'என்.ஐ.பி.' தொடங்கும்போது அவர் தனியாக வாசிப்பதைக் கேளுங்கள். 'தி விசர்ட்' பாட்டில் மவுத் ஆர்கன் வாசிப்பது ஆஸிதான். அமெரிக்கப் பதிப்பில் 'ஈவில் உமன்' இருக்காது, அதற்குப் பதிலாக 'விக்கெட் வேர்ல்ட்' இருக்கும். இரண்டு பதிப்பும் கிடைத்தால் அமெரிக்கப் பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 'விக்கெட் வேர்ல்ட்' பாட்டில் வார்டின் ஜாஸ் கை நன்றாகத் தெரியும்.