வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) யூனிட் போடலாமா?

தாராளமாகப் போடலாம். ஆனால் திருப்பூரில் சிறிய தையல் யூனிட்டை முடக்குவது பெரும்பாலும் ஆர்டர் இல்லாதது அல்ல, வர வேண்டிய பணம் வராததுதான். சனிக்கிழமை சாயங்காலம் டெய்லர்கள் சம்பளத்துக்கு நிற்பார்கள். ஆர்டர் கொடுத்த கம்பெனியில் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள். ஒருமுறை மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் கூலி கொடுத்தேன். மெஷின் வாங்கும் முன்பே மூன்று மாதக் கூலியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவையும் முதலிலேயே செய்துவிடுங்கள், இலவசம்தான். 2006-ஆம் ஆண்டு சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டுவட்டி. பில்லிலேயே உத்யம் எண்ணைப் போட்டுக் கொடுங்கள்.

பலன் உண்டா என்றால், உண்டு. நான்கு மெஷினோடு தொடங்கிய இடத்தில் இன்று பதினொன்று ஓடுகிறது. வளையலும் அதே வருடம் மீண்டு வந்தது.