ஒரு கப்பல்கூட மூழ்காதபோதே கச்சா எண்ணெய் விலை ஏன் ஏறுகிறது?

நீரிணையை யாரும் அடைக்கவே வேண்டாம். கப்பல்காரர் "இந்தத் தடவை வேண்டாம்" என்றாலே போதும்.

பாரசீக வளைகுடா எண்ணெய் வெளியே வரும் ஹோர்முஸ் நீரிணையையே பாருங்கள். ஈரானுக்கும் ஓமானின் முசந்தமுக்கும் நடுவே மிகக் குறுகிய இடம் சுமார் 33 கி.மீ. பெரிய கப்பலுக்கான தடமோ உள்ளே வர 2 கடல் மைல், வெளியே போக 2 கடல் மைல், அவ்வளவுதான். 2024இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் இதன் வழியே போனது; உலகப் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு.

பலரும் காப்பீட்டுச் செலவைக் காரணம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சின்னத் தொகை. ஆபத்துப் பகுதிக்குள் நுழைய, வழக்கமான காப்பீட்டுக்கு மேல் போர் அபாய பிரீமியம் கட்ட வேண்டும். பெரும்பாலும் 7 நாளுக்கு, கப்பல் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று. 10 கோடி டாலர் கப்பலுக்கு 1% என்றாலும் 10 லட்சம் டாலர். விஎல்சிசி என்ற ராட்சத ரக எண்ணெய்க் கப்பல் 20 லட்சம் பீப்பாய் சுமக்கும். ஆக பீப்பாய்க்கு அரை டாலர்!

விலையை ஏற்றுவது கப்பல் தட்டுப்பாடு. போர் பதற்றம் முற்றினால் காப்பீட்டாளர் சில நாள் முன்னறிவிப்பில் பழைய பாலிசியை ரத்து செய்யலாம். மாலுமிகள் வர மறுக்கலாம். கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும், இருக்கிற சில கப்பல்களின் வாடகை எகிறும். போதாததற்கு, கப்பல் இருக்கும் இடத்தைத் தவறாகக் காட்டும் ஜிபிஎஸ் குளறுபடி. 2025 ஜூனில், அப்படிக் குளறுபடி மலிந்திருந்த நாட்களில், ஃப்ரண்ட் ஈகிள், அடலின் என்ற இரு டாங்கர்கள் ஹோர்முஸுக்கு வெளியே மோதித் தீப்பிடித்தன. ஏவுகணை எதுவும் படவில்லை.

குழாய் இருக்கிறதே என்பீர்கள். அமீரகத்தின் ஹப்ஷான்–ஃபுஜைரா குழாய் ஓமான் வளைகுடாவுக்கே கொண்டுவந்துவிடும், ஆனால் கொள்ளளவு நாளொன்றுக்குச் சுமார் 15 லட்சம் பீப்பாய்தான். சவூதியின் அப்கைக்–யான்பு குழாய் பெரியது, முடிவதோ செங்கடலில். அங்கிருந்து ஆசியாவுக்கு நேர்வழி பாப் அல்-மந்தப் நீரிணை, 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கிய அதே கடல். வடக்கே திரும்பினால் சூயஸ் கால்வாய். முழுச் சரக்கோடு விஎல்சிசி அதில் நுழைய முடியாது, அவ்வளவு ஆழம் இல்லை. குவைத்துக்கு இந்த மாற்றுகூடக் கிடையாது.

இந்தியாவைப் பொறுத்தவரை கச்சாவைவிட எல்பிஜி எனும் சமையல் எரிவாயுதான் என் கவலை. கச்சாவை ரஷ்யாவிலோ ஆப்பிரிக்காவிலோ வாங்கலாம். விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் பாறைக் கிடங்குகளில் 53.3 லட்சம் டன் வரை சேமிக்க இடமும் உண்டு. சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரும்பங்கு வளைகுடாவிலிருந்து. அமெரிக்காவில் இன்று வாங்கினாலும் கப்பல் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.