நடவு வயலும் ஷட்டர் வேகமும்: ஓர் ஒளிப்பட மாணவியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும் வைத்திருக்கிறேன். ஷட்டர் (ஒளி விழும் நேரம்), அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை), ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) மூன்றும் பாடமாகத் தெரியும்; படங்களும் தெளிவாகவே வருகின்றன. ஆனால், எல்லாமே யாரோ முன்பே எடுத்த படங்களைப் போல இருக்கின்றன. பருவ முடிவில் 12 படங்களையும், என் தொழில்நுட்பத் திறனும் படைப்புத் திறனும் எப்படி வளர்ந்தன என்று ஒரு சுயமதிப்பீட்டுக் கட்டுரையையும் தர வேண்டும். நல்ல லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா? கட்டுரையில் என்ன எழுதுவது?

பதில்: லென்ஸ் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். வாங்க வேண்டாம். உங்கள் லென்ஸின் 18 மி.மீ. முனை ஒரு வயற்பரப்பு முழுவதையும் அடக்கும், 35 மி.மீ. அளவில் அது ஏறத்தாழ நம் கண் இயல்பாகக் காணும் தோற்றத்தைத் தரும். 55-இல் ஒரு முகத்தைப் பின்னணியிலிருந்து ஓரளவு பிரித்துக் காட்டும். கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் பூநாரைகளை எடுப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் மட்டுமே தொலைவை நெருக்கிக் காட்டும் நீண்ட டெலி லென்ஸ் தேவைப்படும்; அதையும் அந்த இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தால் போதும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் ‘சரியான’ வெளிச்சத்தைப் பெறுவதற்கான வழியாகக் கற்றிருக்கிறீர்கள். அது கைவந்த பிறகு படைப்புத் திறன் என்று ஒன்று தனியாக வந்து சேரும் என்று காத்திருக்கிறீர்கள். அது அப்படி வருவதில்லை. அப்பர்ச்சரைக் குறிக்கும் எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்; எஃப்/4-இல் 1/1000 நொடி, எஃப்/8-இல் 1/250 நொடி, எஃப்/16-இல் 1/60 நொடி ஆகிய மூன்றும் ஒரே அளவு வெளிச்சத்தையே உள்ளே விடுகின்றன. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டருக்கு அவற்றுள் வேறுபாடு கிடையாது, படத்தில் கிடைப்பவையோ மூன்று வேறு காட்சிகள். அவற்றுள் எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யும்போது தொழில்நுட்பமும் படைப்பும் ஒரே செயலாகிவிடுகின்றன. தானியங்கி முறையில் விட்டுவிட்டால் அந்த முடிவைக் கேமரா எடுக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் எடுக்கும். உங்கள் படங்கள் பிறருடையவை போல் இருப்பதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

மீட்டர் சொல்வதைச் ‘சரி’ என்று ஏற்றுக்கொள்வதும் இதே வகைப் பழக்கம்தான். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே மீட்டர் கணக்கிடுகிறது. கரும்பச்சையாக நிற்கும் சம்பா வயலில் ஒரு கொக்கு சிறியதாக நின்றால், மீட்டர் பச்சையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கின் இறகு விவரமின்றி வெறும் வெள்ளையாகிவிடும். அங்கே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் கணித்ததை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பை) ஏறத்தாழ ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்க வேண்டும். வேதாரண்யம் உப்பளத்தில் இதற்கு நேர்மாறு: ஃபிரேம் முழுவதும் வெண்மை என்பதால் மீட்டர் அதை அழுக்குச் சாம்பலாக்கும், அங்கே ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். இவை எந்த வகுப்பிலும் சொல்லப்படுபவைதான். இதற்கடுத்த கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: உப்பளத்தில் வேலை செய்பவரின் முகத்தைக் காட்டப்போகிறீர்களா, அல்லது கண்ணைக் கூசச் செய்யும் அந்த வெண்மையைக் காட்டப்போகிறீர்களா? முகம் என்றால் இன்னும் கூட்டி, உப்பு வெளுத்துப்போக விட வேண்டும். உப்பின் பரல்கள் தெரிய வேண்டும் என்றால் முகம் நிழலுருவாகப் போவதை ஏற்றுக்கொள்ள வேண்டும். நண்பகல் வெயிலில் இரண்டும் ஒரே படத்தில் முழுமையாகக் கிடைப்பது அரிது. கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பு ஓரளவு உதவும் என்றாலும் உங்களுக்காக அது முடிவெடுக்காது.

ஆகவே, நான் பரிந்துரைக்கும் பயிற்சி ஒன்றுதான். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்கு முன், இந்தப் படம் எதைப் பற்றியது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். கையில் ஒரு சிறிய குறிப்பேடு போதும். ‘நடவு வயல்’ என்று எழுதினால் அது வாக்கியமாகாது, தலைப்பாகத்தான் இருக்கும். ‘நாற்று முடிச்சிலிருந்து கை நாற்றைப் பிரிக்கும் வேகம்’ என்பது வாக்கியம். ‘வரிசையாக நிற்பவர்களில் ஒருவர் மட்டும் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வது’ இன்னொன்று. ‘வரப்புக்கு உள்ளே வானம் கிடப்பது’ மற்றொன்று. ஒரே வயல், ஒரே காலைப்பொழுது என்றாலும் மூன்றுக்கும் கேமராவின் அமைப்பு வெவ்வேறாகும் என்பதை நீங்களே காண்பீர்கள்.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். வேகத்தைக் கையின் கலங்கலாகக் காட்ட வேண்டும் என்றால் ஷட்டர் 1/15 நொடி அளவுக்கு இறங்க வேண்டும். முழு வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்து அப்பர்ச்சரை எஃப்/22 வரை மூடினாலும் 1/60-க்குக் கீழே போவது கடினம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறைய வேண்டியிருக்கிறது. எனவே விடியற்காலையில் போக வேண்டும், அல்லது மேகம் மூடிய நாளுக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது லென்ஸுக்கு முன் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்.டி. ஃபில்டர் மாட்ட வேண்டும். உடம்பு அசையாமல் கை மட்டும் அசையும் நேரத்தில் எடுக்க வேண்டும் என்பதால், நடுபவரின் வேலைத் தாளத்தைச் சற்று நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும். மாறாக, நாற்றின் வேரிலிருந்து சிதறும் சேற்று நீரை நிறுத்திக் காட்ட விரும்பினால் 1/1000 நொடி தேவை. அதற்கு வெயில் உங்களுக்குத் துணை. மூன்றாவது வாக்கியத்துக்குக் காற்றில்லாத நேரமும் தாழ்ந்த கோணமும் முதன்மை. நாற்று பச்சை கட்டுவதற்கு முந்தைய சில நாட்களில் மட்டுமே வயல் கண்ணாடியாக இருக்கும். இப்படி வாக்கியமே நேரத்தையும் நிற்குமிடத்தையும் எண்களையும் தீர்மானிக்கிறது. குறுவைக்கு ஆனியிலும் சம்பாவுக்குப் புரட்டாசியிலும் நடவு நடக்கும் என்பதால் உங்களுக்கு ஆண்டில் இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன. நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் பரவியிருப்பதால், ஆள் நடவு எந்த வயலில் எப்போது என்பதை முன்கூட்டியே ஊரில் விசாரித்து வையுங்கள். இயந்திர நடவையும் எடுக்கலாம்; அதை அதிகம் பேர் எடுப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு வேண்டுகோள். குனிந்து நடும் பெண்களைப் பின்னாலிருந்து, அவர்கள் அறியாமல், தொலைவில் நின்று எடுக்கும் படங்கள் டெல்டாவைப் பற்றிய ஒளிப்படங்களில் சலிக்கும் அளவுக்கு வந்துவிட்டன. அவை அழகற்றவை என்பதைவிட, எடுக்கப்பட்டவர் பார்த்தால் கூசும் படங்கள் என்பதே என் ஆட்சேபம். வரப்பில் நின்று பெயரைச் சொல்லி, எதற்காக எடுக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள். ‘கேமராவைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களே’ என்று தயங்குவீர்கள். சிரிப்பார்கள்தான், பிறகு வேலை அவர்களை இழுத்துக்கொள்ளும், உங்களை மறந்துவிடுவார்கள்.

தஞ்சைப் பெரிய கோவிலை எடுக்காமல் உங்கள் தொகுப்பு முடியாது என்று நினைக்கிறீர்கள் என்றால், அங்கும் இதே முறைதான். கோவில் கிழக்கு நோக்கியது. காலையில் முகப்பிலும் மாலையில் மேற்குப் புறத்திலும் வெயில் விழும் என்பது எல்லாருக்கும் தெரியும். வடசுவரும் தென்சுவரும் சுவையானவை. தஞ்சை ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேல் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்து நிற்கும். ஆனி மாதத்து உச்சிப்பொழுதில் வடசுவரின் மீது வெயில் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்குவதால், மற்ற நேரங்களில் தட்டையாகத் தெரியும் புடைப்புகளும் மாடங்களும் ஆழ்ந்த நிழலோடு எழுந்து நிற்கும். ‘நண்பகலில் படம் எடுக்காதே’ என்ற பொது விதியை நம்பி அந்நேரத்தில் நிழலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது கிடைக்காது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்னால் சாய்வதுபோலத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். இயன்றவரை பின்னால் சென்று, கேமராவை மட்டமாகப் பிடித்து, கீழே மிஞ்சும் தரையைப் பிறகு வெட்டிவிடலாம். தொல்லியல் துறையின் நினைவுச் சின்னம் என்பதால் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும்.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் இதே கோவிலை எடுத்தார். மெழுகேற்றிய காகித நெகட்டிவைத் தவிர அவரிடம் அதிகம் இல்லை. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய வாக்கியமாக இருந்திருக்க வேண்டும். எந்த லென்ஸிலும் அது ஒரு படமாக அடங்காது. ஆகவே பகுதி பகுதியாக நகர்ந்து எடுத்து, 21 படங்களை அடுத்தடுத்து ஒட்டி, ஒரு நீண்ட சுருள்போல ஆக்கினார். எந்த வடிவத்தில் எடுப்பது என்பதை எடுக்க வேண்டிய பொருளே தீர்மானித்ததற்கு இதைவிட அருகில் உங்களுக்கு ஓர் உதாரணம் கிடைக்காது.

உள்ளரங்க வெளிச்சத்தைக் கற்க உங்கள் பக்கத்திலேயே இரண்டு நல்ல இடங்கள் உண்டு. திருபுவனத்துத் தறிக்கூடங்களில் சன்னல் வெளிச்சமும் குழல்விளக்கும் கலந்து பட்டின் நிறத்தைக் குழப்பும்; வெண்சமநிலையை (விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பை) தானியங்கியில் விடாமல் கையால் அமையுங்கள். படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுந்தால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு; ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். விளக்கை அணைக்கும்படி மட்டும் கேட்காதீர்கள், அது நெசவாளரின் வேலை வெளிச்சம். சுவாமிமலையில் சிற்பிகள் காவிரி வண்டல் மண் பூசிய அச்சில் உருகிய உலோகத்தை ஊற்றும்போது, மீட்டர் இருட்டைப் பார்த்து எல்லாவற்றையும் வெளுக்கச் செய்யும்; ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் உலோகத்தின் ஒளியை அளந்து, பட்டறை இருளாகவே இருக்கட்டும் என்று விடுங்கள். ஊற்றும் நேரத்தில் எங்கே நிற்கலாம் என்பதை அவர்களிடமே கேட்டு, அங்கேயே நில்லுங்கள்.

இவற்றுள் ஏதாவது ஓர் இடத்தை மட்டும் தேர்ந்துகொண்டு பருவம் முழுவதும் அங்கேயே திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திருவாரூர் ஆழித்தேர் போன்றவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் நிகழ்வில், இந்த வாரம் கண்ட குறையை அடுத்த வாரம் திருத்திப் பார்க்க வழியில்லை. வார இறுதியில் மட்டுமே நேரம் உள்ள மாணவிக்குத் தறியும் வயலும்தான் ஏற்றவை. ஒரு மாதம் லென்ஸை 35-இல் வைத்து ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். ஜூம் வளையத்துக்குப் பதிலாகக் கால் நகரத் தொடங்கும்.

கட்டுரைக்கு வருவோம். ‘இந்தப் பருவத்தில் என் பார்வை விரிவடைந்தது, தொழில்நுட்ப அறிவு மேம்பட்டது’ என்று எழுதினால் மதிப்பிடுபவருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் முன்பு எழுதிய வாக்கியமும், பயன்படுத்திய எண்களும், வீட்டில் கணினியில் பார்த்த பிறகு எழுதிய ஒரு வரித் தீர்ப்பும் இருந்தால், கட்டுரை ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்டது. எடுத்துக்காட்டாக: ‘கையின் வேகத்தைக் காட்ட 1/60 வைத்தேன், கை நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை, ஃபோகஸ் தவறியதுபோலத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு மேகமூட்டத்தில் 1/15 வைத்தேன்; கை ஓடியது, முகமும் சேர்ந்து கலங்கிவிட்டது. அவர் முடிச்சை அவிழ்க்க நிற்கும் நொடிக்குக் காத்திருந்தபோது முகம் தெளிவாகவும் விரல்கள் மட்டும் கலங்கலாகவும் வந்தன.’ இந்த மூன்று வாக்கியங்களில் ஷட்டரைப் பற்றிய அறிவும் இருக்கிறது, காத்திருக்கக் கற்றதும் இருக்கிறது. இவற்றைத் தொழில்நுட்பம், படைப்பு என்று இரு தலைப்புகளாகப் பிரிக்கச் சொன்னால் எங்கே வெட்டுவீர்கள்? கல்லூரிப் படிவம் அப்படிப் பிரிக்கச் சொல்கிறது என்றால், ஒரே படவரிசையை இரு தலைப்புகளின் கீழும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

தேர்வுக்கு, ஐம்பது அறுபது படங்களை 4x6 அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்பிப் பாருங்கள். திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது தெரியாத திரும்பக்கூறல்கள் அங்கே உடனே கண்ணில் படும். ஒரே வாக்கியத்தைச் சொல்லும் இரு படங்களில் ஒன்றை எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் கேமராவைத் தோல் பையில் அடைத்து வைக்காமல், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். பழைய லென்ஸுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

பன்னிரண்டு படங்களுக்குப் பின்னால், தவறிய முயற்சிகளில் நான்கைந்தைச் சிறிய அளவில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, குறிப்பேட்டின் வரிகளோடு இணைக்க முடியுமா என்று உங்கள் ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள். அச்சிடும்போது படத்தில் இருப்பவர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி சேர்த்துப் போட்டு, கல்லூரியில் சமர்ப்பிப்பதற்கு முன்பே கொண்டுபோய்க் கொடுங்கள். யாராவது தம் படம் வேண்டாம் என்று சொன்னால் மாற்றுப் படம் வைக்க அப்போதுதான் அவகாசம் இருக்கும்.