எடின்பரோ கோட்டைக்குள் இருக்கும் குட்டித் தேவாலயத்துக்கு என்ன அவ்வளவு மதிப்பு?

எடின்பரோவில் இன்றும் நிற்கும் கட்டடங்களில் மூத்தது அதுதான். 1130 வாக்கில் ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட், 1093-ல் இறந்த தன் தாய் மார்கரெட்டின் நினைவாகக் கட்டியது. 1314-ல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் ஆட்கள் ஆங்கிலேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்து இடித்தபோதும் இதை விட்டுவைத்தார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை: வெடிமருந்துக் கிடங்காக்கி, தேவாலயம் என்பதையே மறந்துவிட்டார்கள்! 1845-ல்தான் டேனியல் வில்சன் என்ற தொல்பொருள் ஆர்வலர் அடையாளம் கண்டார். இப்போது அரசுப் பாதுகாப்பில் இருக்கிறது.

இருபது பேர் உட்கார்ந்தாலே நெருக்கடிதான். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கல் பெட்டி. உள்ளே பீடப் பகுதி அரைவட்டமாக வளைகிறது. அதன் முன்னால் ரம்பப்பல் போலச் செதுக்கிய வளைவு, அதைப் பாருங்கள். எல்லோரும் படமெடுக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் 1922-ல் வைத்தவை.