"இத எடுத்து இன்னா பண்ணப் போற?"

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் படம் எடுக்கக் கிளம்பிவிடுவேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று நிறைய எடுத்தேன். சாயங்காலம் பார்த்தால் எல்லார் ஸ்டேட்டஸிலும் அதே படம். "இத எடுத்து இன்னா பண்ணப் போற?" என்று அம்மா கேட்டது இன்னும் உறுத்துகிறது. நீங்கள் பல வருடங்களாகக் கூத்துக்காரர்களை எடுக்கிறீர்கள். அழிந்துவரும் கலையை ஆவணப்படுத்துகிறோம் என்று உங்களுக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. காரணம் இல்லாமல் எடுக்கலாமா? ராத்திரிக் கூத்து எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், ஆம்பூர்

*

அன்புள்ள தம்பி,

அந்தக் காரணத்தை என் தலையில் கட்டாதீர்கள். கண்காட்சி வைப்பவர்கள் சுவரில் ஒட்டுகிற வாசகம் அது. மறுத்துப் பேசினால் டீ ஆறிவிடும் என்று விட்டுவிடுகிறேன், அவ்வளவுதான்.

படுகளம் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் முடிகிற சமயத்தில், திடலில் துரியோதனனை மண்ணாலேயே மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். ஒரு ஃபிரேமுக்குள் அடங்காத உடம்பு. மீசை, கிரீடம், கையில் கதாயுதம் என்று அத்தனை வேலைப்பாடு. பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார், திரௌபதி கூந்தல் முடிவாள். அது முடிந்ததும் ஜனம் அந்த உருவத்திலிருந்து மண்ணைப் பிடிபிடியாக அள்ளி மடியில் கட்டிக்கொண்டு போகும். அதற்காக யாரும் வருந்திப் பார்த்ததில்லை. அடுத்த திருவிழாவுக்குப் புதிதாக ஒருவனைப் படுக்கவைத்துவிடுவார்கள். அழிப்பதற்கென்றே செய்த ஒன்றை நான் காப்பாற்றுகிறேன் என்று சொன்னால் அதைச் செய்தவரே சிரிப்பார். கூத்து நிற்பது படத்தால் அல்ல. புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற கூத்து வாத்தியார்கள் அடுத்த தலைமுறைக்கு அடவு சொல்லிக்கொடுத்ததாலும், ஊர் கூடி வரி போட்டு ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, தாம்பூலம் வைப்பதாலும் நிற்கிறது.

நான் எடுப்பது, எனக்கு மனுஷர்களைப் பார்க்கப் பிடிக்கும் என்பதால். ஆனால் முன்பின் தெரியாதவர் முகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டே நிற்க முடியுமா? "இன்னா மொறைக்கிற?" என்று கேட்டுவிடுவார்கள். கழுத்தில் கேமரா தொங்கினால் கேட்பதில்லை. எனக்கு அது ஒரு அனுமதிச் சீட்டு. அதை வைத்துக்கொண்டு வேஷம் கட்டுகிற கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒருவர் கைக்கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தைத் தானே எழுதிக்கொண்டிருப்பார். நடுநடுவே பீடி, மகன் வாங்கின கடன் பற்றிப் பேச்சு. பிறகு சலங்கை, மார்பதக்கம், புஜக்கட்டை ஒவ்வொன்றாக ஏறும். கடைசியில் கிரீடத்தை வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். அதுவரை "மாமா, மாமா" என்று மேலே விழுந்துகொண்டிருந்த பையன் அந்த நேரத்தில் தானாக ஒதுங்கி வழிவிடுவான். கர்ணன் எப்போது வந்து சேர்ந்தான்? நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், பிடிபடவில்லை. அதற்காகத்தான் மறுபடி மறுபடி போகிறேன்.

சீட்டு இனாம் இல்லை. ஆற்காட்டுப் பக்கம் ஒரு கூத்துக்காரர் அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டே கேட்டார்: "நீ எடுத்துகினு பூடற. எங்களுக்கு இன்னா குடுத்த?" அதன் பிறகு பிரின்ட் போட்டுக் கொண்டுபோகாமல் அந்த ஊருக்கு நான் திரும்பப் போவதில்லை. ஜமாக்காரர்கள் அதை நோட்டீஸில் போட்டுக்கொள்வார்கள். ஒரு பெரியம்மா, "நாளைக்கு நான் பூட்டா மாட்டறதுக்கு ஒண்ணு எடுத்துக் குடு நைனா, பல்லு தெரியாம எடு" என்றார். படம் எதற்கு என்பதை இவ்வளவு தெளிவாக என்னிடம் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் சொன்னதில்லை.

சீட்டு செல்லாத இடமும் உண்டு. ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில், சுண்ணாம்புத் தொட்டி அருகே நின்றவர் சொன்னார்: "மூஞ்சி வேணாம்பா, பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு கீறோம்." பையை மூடிவிட்டேன். முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் எடுக்கிற சாமர்த்தியம் எனக்குப் பிடிப்பதில்லை.

உங்கள் வெள்ளப் படத்துக்கு வருகிறேன். எல்லாரும் ஒரே படத்தை எடுத்தால் என்ன தப்பு? மணலும் சீமைக்கருவேலமும்தான் பாலாறு என்று வளர்ந்த தலைமுறை, இரு கரையும் தொட்டு ஓடின தண்ணீரைப் பார்த்தது. எல்லார் கண்ணும் ஒரே பக்கம் போனதுதான் அன்றைய செய்தி. 1903 நவம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொள்ள வாணியம்பாடியில் ஒரு தூண் நட்டுவைத்தார்கள். உங்களிடம் படம் இருக்கிறது. ஸ்டேட்டஸில் ஒரு நாளில் மறைகிற அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு அம்மா கையில் கொடுங்கள். ஆற்றில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்த வயதுக்காரர் என்றால், அந்த இடம் இதில் எங்கே என்று கேளுங்கள். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

லென்ஸ். புதிதாக எதுவும் வேண்டாம். செகண்ட்ஹேண்டில் ஒரு 50 மி.மீ., எஃப் 1.8 போதும். ஆடுபவர் கிறிக்கி சுற்றும்போது துரத்தாதீர்கள், சுற்றி முடித்து நிற்கிற நொடிக்குக் காத்திருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டரை 1/100-இல் வையுங்கள், இல்லையென்றால் படத்தில் பட்டை பட்டையாக விழும். ஃபிளாஷ் கூடவே கூடாது, கண்ணில் அடித்தால் அடவு தப்பும். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிகளை மறைக்காமல் நில்லுங்கள். கர்ணன் மன்னித்தாலும் அவர்கள் விடமாட்டார்கள்.